குதிகால்

மூன்று மணிக்கு எமகண்டம் தொடங்கிவிட்டது, இனி நாலரை வரைக்கும் யாரும் வாசல் மிதிக்கப் போவதில்லை என்று உறுதியானதும் சிவசண்முகத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வருகிற நாளில், பேரனின் வருகை ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனதற்கு ஒரு தாத்தன் நிம்மதிப்படுவானா என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் காகித வேலையெல்லாம் ரெண்டரைக்கே முடிந்துவிட்டது என்று மனைவி மரகதம் போனில் சொன்னாள். சம்பந்தியம்மா ருக்மணிதான் காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எமகண்டத்தில் பையனை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம், நாலரை தாண்டட்டும் என்று சொல்லிவிட்டாராம். அதனால் எல்லோரும் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆரத்தி கரைத்தாயிற்றா, பால் காய்ச்சியாயிற்றா, தூளி கட்டியாயிற்றா, புடவை துவைத்ததுதானே, போண்டாவைக் குளிப்பாட்டினீர்களா என்று மரகதம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் ஆச்சு, ஆச்சு என்று சொல்லி வைத்தார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருத்தன் சோபாவுக்கு அடியில் முகவாயை முன்னங்கால்மேல் வைத்துக்கொண்டு, இவர் எந்தப் பக்கம் நகரப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே நகம் டைல்ஸில் டிக் டிக் என்று வந்தது. திரும்பி நின்றார், சத்தமும் நின்றது. மூன்று வருஷமாகக் கேட்கிற சத்தம்தான், அது கேட்காவிட்டால்தான் வீடு வீடாக இருக்காது என்று மரகதத்திடம் பெருமையடித்துக்கொண்ட ஆள்தான். இப்போது அந்தச் சத்தம் பின்னால் வந்தால் இடது கால் தானாக ஒரு விரற்கடை முன்னால் போகிறது. காலுக்குத் தெரிந்துவிட்டது, மனசுக்குத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இடது காலில் குளிர்காலத்துக்கு வாங்கிய கம்பளி சாக்ஸ். அதற்குள் குதிகாலுக்குச் சற்று மேலே, நரம்பு விறைத்து நிற்கிற இடத்தில், விண் விண் என்று தெறித்தது. ஆஸ்பத்திரியில் மரகதம், ஏனுங்க ஒத்தைக் காலில் சாக்ஸ் எதுக்கு என்று கேட்டபோது பித்தவெடிப்பு, மருந்து போட்டிருக்கிறேன் என்றார். அவளும் பாவம், பிள்ளை பெற்றவளைப் பார்ப்பாளா, புருஷனின் பித்தவெடிப்பைப் பார்ப்பாளா, சரி என்று விட்டுவிட்டாள். பித்தவெடிப்பு. பல் பட்டது. கவ்வியது. விளையாட்டில் பட்டிருக்கும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் மனதுக்குள் வேறு வேறு வார்த்தைகளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு தெரு தள்ளி இருக்கிற கிளினிக் டாக்டருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை, ஒரே வார்த்தையில் நாய்க்கடி என்று சீட்டில் எழுதி, முதல் ஊசியைப் போட்டு, மூன்றாம் நாள் வந்து ரெண்டாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் இன்றைக்குத்தான். அந்தச் சீட்டு இப்போது காஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது. அங்கே வைத்தது சரியில்லையோ, மரகதம் காஸுக்குப் பதிய எடுத்தால் என்று நினைத்தவர், எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். பிறகு அதையும் எடுத்துச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

டவுன் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் சிவசண்முகம். கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுகிற உத்தியோகம். அத்தனை வருஷத்தில் ஒரு பயணியிடமாவது பஸ் கட்டாயம் வந்துவிடும் என்று அவர் சொன்னதில்லை. வரணுங்க, வரும்னுதான் நினைக்கிறேன், அவ்வளவுதான் அந்த வாயிலிருந்து வரும். அப்பேர்ப்பட்ட மனுஷன் மூணு மாசத்துக்கு முன்னால் கட்டுச்சோத்து விருந்தன்றைக்கு, சம்பந்தி வீட்டுக் கூடத்தில், இலை போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினார். ஷர்மிளாவை ஏழாம் மாசம் தாய்வீட்டுக்கு அழைத்து வரப் போன நாள் அது. ருக்மணியம்மா ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. நாய் இருக்கிற வீட்டில் பச்சைக் குழந்தையை எப்படி விடுவது, மூணு மாசத்துக்காவது வேறு எங்கேயாவது விடலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார். ஷர்மிளா முகம் விழுந்துவிட்டது. போண்டா இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு, பிரசவத்துக்கு இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். மகளின் முகம் விழுந்ததைப் பார்த்ததும் இவருக்கு என்ன வந்ததோ. "அதுக்கு நான் கேரண்டிங்க சம்பந்தி. பூ மாதிரி இருப்பான். அவனால குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்துச்சுன்னா என்னையக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். நாற்பது பேர் கேட்டார்கள். ருக்மணியம்மா, நீங்களே சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்வது என்று பாயசம் வைக்கச் சொன்னார். கேரண்டி. அந்தச் சொல் இப்போது அடுப்படியில், பொங்கி வருகிற பாலுக்கு முன்னால் நிற்கும்போது, எங்கோ ஓர் இடத்தில் பல்லில் மாட்டிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

பாலை இறக்கி வைத்தார். போண்டாவை மேய்க்கிற சாதி என்று தெரிந்துதான் வாங்கினாள் ஷர்மிளா. கல்யாணத்துக்கு முன்னால், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலத்தில். கார்கி என்று சொன்னாள். ஏதோ குளிர் தேசத்தில் மாடு மேய்க்க வைத்திருந்த நாயாம். ஒரு சாண் காலை வைத்துக்கொண்டு இது மாட்டை மேய்க்குமா என்று இவர் சிரித்தார். குட்டைக் கால் இருப்பதால்தான் மாடு உதைத்தால் தலைக்கு மேலே போய்விடும்ப்பா, அது கீழே புகுந்து குதிகாலைக் கவ்வி மாட்டைத் திருப்பும் என்று அவள் போனில் படம் காட்டினாள். அந்தப் படத்தைப் பார்த்தபோதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அழகாக இருந்தது. அப்புறம் நடந்ததும் அழகாகத்தான் இருந்தது. நாலு மாசக் குட்டியாக இருக்கும்போது ஒருநாள் சாயந்தரம் இவர் சாமி அறையில் விளக்கேற்றி மணி அடித்தார். மணிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய குட்டி, ஷர்மிளாவின் பேண்ட் விளிம்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து சாமி அறை வாசலில் விட்டது. சாமி கும்பிடாத கழுதையை நாய் வந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது பார் என்று மரகதம் வயிறு வலிக்கச் சிரித்தாள். இவர் உடைத்த தேங்காயில் ஒரு சில்லை எடுத்துக் குட்டி வாயில் வைத்தார். மறுநாளும் வைத்தார். ஒரு வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது. மணி அடித்தால் போண்டா கிளம்பும், அடுப்படிக்குப் போய் மரகதத்தை முட்டும், அறைக்குப் போய் ஷர்மிளாவை முட்டும், வந்தவர்களைச் சுற்றி ஓடி வாசலில் நெருக்கி நிறுத்தும். யாராவது வராமல் அழும்பு செய்தால் குதிகாலில் மெல்லப் பல்லை வைக்கும். அய்யோ கடிக்கிறானே என்று இவர்கள் பொய்யாகக் கத்தியபடி ஓடி வருவார்கள். எல்லோரும் சேர்ந்தால்தான் தேங்காய். இந்தக் கூத்தைப் படம் பிடித்துச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பி, ருக்மணியம்மா வீட்டு ஆட்கள்கூட மெச்சி, சாமி கும்பிடுகிற நாய் என்று பேர் வாங்கியாயிற்று. சொல்லிக் கொடுத்தது யார். மூன்று வருஷம், தினமும் சாயந்தரம், குதிகாலில் பல்லை வை, தேங்காய் தருகிறேன் என்று சொல்லிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை. சரி, அப்படியென்றால் அது கெட்ட நாய் இல்லை. ஆமாம், கெட்ட நாய் இல்லை. ஆனால் கெட்ட நாய் இல்லை என்பதை வைத்துக்கொண்டு பிறந்து ஐந்து நாளான குழந்தையை என்ன செய்வது. அவருக்கு வியர்த்தது, ஃபேனைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று திரும்பவும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார், எங்கேயாவது ஒரு இடத்தில் தன் மேல் தப்பு இருந்துவிட்டால் தேவலை. திங்கள் காலையில் பிரசவம், ஆபரேஷன், தாயும் பிள்ளையும் சௌக்கியம். மரகதம் அங்கேயே தங்கிவிட்டாள். செவ்வாய் சாயந்தரம் இவர் மட்டும் வீட்டில். பிள்ளை பிறந்த தீட்டில் விளக்கு வைக்கலாமா கூடாதா என்று யாரையும் கேட்காமல், தீட்டு அவர்கள் வீட்டுக்குத்தானே என்று தானே முடிவு செய்துகொண்டு, கைப்பழக்கத்தில் மணியை அடித்துவிட்டார். போண்டா கிளம்பிப் போனது. அடுப்படியில் யாரும் இல்லை. அறையில் யாரும் இல்லை. திரும்பி வந்து இவரைப் பார்த்தது. மறுபடி ஓடியது, குளியலறைக் கதவைப் பிறாண்டியது, பால்கனிக்குப் போனது, வந்தது, போனது. இவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. தேங்காய்ச் சில்லைக் கொடுத்தார், முகர்ந்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது. தின்பதென்றால் உயிரை விடுகிற நாய், தேங்காயை வேண்டாம் என்று அது சொன்னதே இல்லை. நேரமாகிவிட்டது என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு இவர் வாசலுக்குப் போனார். செருப்பில் கால் நுழைந்ததா இல்லையா, பின்னால் ஒரு உறுமல்கூட இல்லை, நறுக்கென்று. மெல்லப் பல் வைப்பது இல்லை இது. பல் உள்ளே போனது, போய் நின்றது, விடவில்லை. இவர் காலை உதறியபோதுதான் விட்டது. விட்டதும் காதைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு, என்னமோ இவர் அதைக் கடித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. செருப்பெல்லாம் ரத்தம். கதவைப் பூட்டிக்கொண்டு, லிஃப்டில் நின்றபடி தோள் துண்டால் குதிகாலை இறுக்கிக் கட்டினார். அதற்குக் கோபம் இல்லை என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருந்தவர் ஒவ்வொருத்தராகக் காணாமல் போய், கடைசியாக மிஞ்சிய ஒருத்தரும் வாசலைத் தாண்டுகிறாரே என்ற பதைப்பு அது. அந்தப் பதைப்பு அவருக்கும் உண்டு, மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனபோது கையைக் காலைக் கடித்துக்கொள்ளாத குறைதான். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் பல் வலிக்காமல் இருக்குமா. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவர் மனதுக்குள் அவன் அதுவாகிவிட்டான். வாயால் கூப்பிடும்போது மட்டும் வாடா போண்டா என்கிறார்.

மூணு இருபத்தைந்து. பேரனுக்கும் புதன்கிழமை குதிகாலில்தான் குத்தினார்கள். ஏதோ பரிசோதனைக்கு ரத்தம் வேண்டுமென்று நர்ஸ் வந்து, துண்டுக்குள்ளிருந்து ஒரு காலை வெளியே எடுத்தாள். அதற்கு முன்னால் அவர் அந்தக் காலைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. குதிகால் என்றே சொல்ல முடியாது, ஒரு சுண்டைக்காய் அளவுக்குச் சிவப்பாக, தோல் சுருங்கி. நர்ஸ் ஒரு குத்துக் குத்தினாள். குழந்தை வாயைத் திறந்து, சத்தம் வருவதற்கு ஒரு கணம் பிடித்தது, அந்த ஒரு கணத்தில் சிவசண்முகம் அறையை விட்டு வெளியே போய்விட்டார். தாத்தாவுக்கு மனசு தாங்கலை பாருங்க என்று ருக்மணியம்மாகூடச் சிரித்தாராம். தாத்தாவுக்கு எது தாங்கவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும். சிவசண்முகம் எழுந்தார். கூடத்து மூலையில் மரகதத்தின் பழைய நூல் புடவையில் தூளி தொங்கியது. தரையிலிருந்து தூளி அடி எத்தனை உயரம் என்று மூன்றாவது தடவையாகச் சாண் போட்டுப் பார்த்தார், மூன்று சாண். போண்டா நின்றால் ஒன்றரைச் சாண். எம்பினால்? அடுப்படிக்குப் போய்த் தராசை எடுத்து, ஒரு பையில் அரிசி போட்டு நிறுத்தார். பேரன் ரெண்டு கிலோ தொள்ளாயிரம், அரிசியும் ரெண்டு கிலோ தொள்ளாயிரம் வரும்வரை ஒரு பிடி போட்டு ஒரு பிடி எடுத்து நிறுத்தார். துண்டில் சுற்றித் தூளியில் கிடத்தினார். கிடத்தும்போது தலைப்பக்கம் எது என்று யோசித்து, கிழக்கே வைத்தார். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் மெல்ல ஆட்டினார். போண்டா சோபாவுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. தூளியைப் பார்த்தது, இவரைப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு தூளிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டது. காவலுக்குப் படுத்த மாதிரி. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடே, நான்தான் அனாவசியமாகப் பயந்துபோயிருக்கிறேன், பார், குழந்தை என்று அதற்குத் தெரிகிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, கொஞ்சம் வேகமாக ஆட்டினார். குழந்தை அழுதால் வேகமாகத்தான் ஆட்டுவார்கள், யார் எண்ணி ஆட்டுவார்கள். தூளி அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது, மறுபடி அந்தப் பக்கம் போகும்போது போண்டா எழுந்து பின்னால் ஓடி, ஒரு எம்பு எம்பி, புடவையின் அடியைக் கவ்வி நிறுத்திவிட்டது. சத்தமில்லை, உறுமலில்லை. ஓடிப் போகிற ஒன்றைப் பிடித்து நிறுத்தியாயிற்று, அவ்வளவுதான். வாயில் புடவையோடு அவரை நிமிர்ந்து பார்த்தது. தேங்காய் கேட்கிறது.

புடவையில் நாலு சின்ன ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தார், அதற்கு மேலே துண்டு இருந்தது, துண்டில் ஒன்றும் இல்லை. துண்டில் ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னார். அரிசியைத் திரும்ப டிரம்மில் கொட்டினார். ஓட்டை தெரியாதபடி புடவையை அவிழ்த்துத் தலைகீழாக்கிக் கட்டினார். கட்டும்போதே கை நின்றது. என்ன காரியம் செய்கிறோம், எதற்கு மறைக்கிறோம், யாருக்காக. நாய்க்காகவா, மகளுக்காகவா, கட்டுச்சோத்து விருந்தில் நாற்பது பேர் முன்னால் விட்ட அந்தச் சொல்லுக்காகவா. மூன்றாவதுதான் என்று தோன்றியதும் அவசரமாக வேறு எதையாவது யோசித்தார். பால்கனியில் கட்டலாம். மூன்று மாசம் பால்கனியில் கட்டினால் அது கத்திக் கத்தியே சாகும், கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார். அறைக்கதவைச் சாத்தி வைக்கலாம். ஒரு வீட்டில் ஒரு கதவை எத்தனை நாள் சாத்தி வைக்க முடியும், ஒரு கை பாட்டிலோடும் ஒரு கை குழந்தையோடும் இருக்கிறவள் காலால் தள்ளிவிட்டுப் போவாள். வாய்க்கூடு போடலாம். போட்டால் ருக்மணியம்மா ஏன் என்று கேட்பார். மூன்று மாசம் கழித்துக் குழந்தை கவிழும், ஆறு மாசத்தில் தவழும், தவழ்கிற குழந்தை வாசல் பக்கம்தான் போகும், போகிறதைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இதன் பிறவிக் குணம். காரமடைப் பக்கம் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாளின் நம்பர் போனில் இருக்கிறது. விருந்துக்கு முந்தின வாரம் விசாரித்து, அந்த அம்மாளும் இடம் இருக்குது கொண்டு வாங்க என்று சொல்லி, பிறகு இவரே தேவைப்படாதுங்க என்று கெத்தாகச் சொல்லி வைத்துவிட்டார். இப்போது கூப்பிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. கூப்பிட்டால் ஷர்மிளாவிடம் என்ன சொல்வது. ஐந்து நாளாக வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு தினமும் போண்டா சாப்பிட்டானா என்று கேட்கிறவள். உண்மையைச் சொன்னால் அவள் நாயை விடமாட்டாள், குழந்தையை எடுத்துக்கொண்டு ருக்மணியம்மா போய்விடுவார், பின்னாலேயே இவளும் போக வேண்டியிருக்கும். மரகதம் மூன்று மாசத்துக்கு அரைத்து வைத்திருக்கிற பிரசவ மருந்தெல்லாம் டப்பாவிலேயே கிடக்கும். சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காமலும் போகலாம். போகலாம். வரணுங்க, வரும்னுதான் நினைக்கிறேன்.

போன் அடித்தது, ஷர்மிளாவே. கார் ஏறிவிட்டோம் என்றாள். மணி நாலு ஐந்து. பின்னால் குழந்தை முனகுவது கேட்டது. போண்டா என்ன பண்றான் என்று கேட்டாள், தூங்கறான் சாமி என்றார். தூங்கவில்லை, காலடியில் நின்று போனிலிருந்து வருகிற குரலுக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு மேலண்ணம் வரை வந்தது. கண்ணு என்று ஆரம்பித்தார். சொல்லுங்ப்பா என்றாள். அவள் சொன்ன விதத்தில் ஏதோ அவசரம் இருந்தது, கேட்கக் காத்திருந்த மாதிரி. பக்கத்தில் ருக்மணியம்மா இருப்பார் என்று தோன்றிவிட்டது. ஒண்ணுமில்லை, பார்த்து வாங்க என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சரிங்ப்பா என்று வைத்துவிட்டாள். ஏன் அப்படி மௌனமாக இருந்தாள், தையல் வலிக்கிறதா, அல்லது குரலில் கண்டுபிடித்துவிட்டாளா என்று அந்த மௌனத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு புரட்ட ஆரம்பித்தார். ஆரத்தித் தண்ணீர் நன்றாகச் சிவந்திருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தார். கழுத்துப் பட்டையில் வாரை மாட்டினார். கழற்றினார், மாட்டினார். வாரை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கூடத்து நடுவில், வாசலைப் பார்த்தபடி நின்றார். கீழே கேட்டருகே வந்தும் எமகண்டத்துக்காகக் காரிலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று மரகதம் செய்தி அனுப்பியிருந்தாள்.

நாலு முப்பத்தைந்துக்கு லிஃப்ட் கதவு திறந்தது. மரகதம்தான் முதலில் வந்தாள், பக்கவாட்டில் நுழைந்து ஆரத்தித் தட்டுக்காக நேரே அடுப்படிக்குப் போனாள். பின்னால் ஷர்மிளா, ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றுக்கு அடியில். அவளுக்குப் பின்னால் வெள்ளைத் துண்டுப் பொதியோடு ருக்மணியம்மா. போண்டாவின் தொண்டையிலிருந்து இதுவரை கேட்டிராத மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. வால் இல்லாத குறைக்கு இடுப்பையே ஆட்டியது, வார் கையை அறுத்தது. ருக்மணியம்மா வாசலுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, ஒண்ணும் பண்ணாதுங்ளே?"

நாய் இருக்கிற வீட்டு வாசலில் நின்று எல்லோரும் கேட்கிற கேள்வி. நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், அவரும் நூறு தடவை சொல்லியிருப்பார். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இப்போதும் வாயைத் திறந்தார். துண்டு விலகி ஒரு கால் வெளியே தெரிந்தது, குதிகாலில் இன்னும் ஒட்டியிருந்த சின்னப் பஞ்சு.

"பண்ணும்ங்க" என்றார். "செவ்வாக்கெழமை என்னையக் கடிச்சுப்போடுச்சுங்க. ரத்தம் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லலை."

மரகதம் தட்டோடு வந்து நின்றாள். ஷர்மிளா சுவரிலிருந்து கையை எடுக்காமல், அப்பாவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள். "என்னையும்தானுங்ப்பா. எட்டாம் மாசம். நீங்க மணி அடிச்சீங்க. கால் வீங்கிக் கெடந்துச்சு, என்னால எந்திரிக்க முடியலை. இரும்புச்சத்து ஊசின்னு நாலு தடவை போனமே, அது அதுக்குத்தான். நீங்க வெளியதான் உக்காந்திருந்தீங்க."

ஏன் சாமி சொல்லலை என்று கேட்டார்.

"நீங்க எனக்காக அத்தனை பேர் முன்னால கேரண்டி குடுத்துட்டீங்க. அதுக்கு மேல நான் எப்பிடிங்ப்பா சொல்றது. நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு நாளா உங்க காலையே பாத்துட்டு இருந்தேன்."

அப்பனும் மகளும் என்று தொடங்கிய மரகதம் ஆரத்தித் தட்டைத் தரையில் வைத்தாள். அந்த நேரத்தில்தான் வார் தளர்ந்தது. போண்டா ஒவ்வொருத்தர் முகமாக நிமிர்ந்து பார்த்தது. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரு கை அகலத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து நாள் கழித்து முதல் தடவையாக அது நிம்மதியாக உட்கார்ந்தது, பிறகு ஷர்மிளாவின் செருப்பில் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. ருக்மணியம்மா கோபப்படுவார் என்று நினைத்தார்கள். அவர் கோபப்படவில்லை, டாக்ஸி கீழே நிற்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் மெல்லக் கேட்டார். நிற்கிற டாக்ஸியில் யாரோ ஒருத்தர் போகத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஷர்மிளா காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். குனிந்து தொடவில்லை. தையல் இருப்பதால் குனிய முடியாது என்று சிவசண்முகம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போயிருங்ப்பா" என்றாள்.

டாக்ஸியின் பின்சீட்டு இன்னும் சூடாக இருந்தது. குட்டைக் காலால் ஏற முடியாது என்பதால் தூக்கித்தான் வைத்தார். காரமடைக்குப் போகணும், அங்கே போய் வழி கேட்டுக்கலாம் என்று டிரைவரிடம் சொன்னார். அந்த அம்மாளுக்கு இன்னும் போன்கூடப் பண்ணவில்லை, போகிற வழியில் பண்ணிக்கொள்ளலாம். மூணு மாசம்தான் என்று நினைத்தார், நினைத்ததை அவரே நம்பவில்லை. போண்டா சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முகர்ந்தது. மரகதம் இருந்த இடம், ஷர்மிளா இருந்த இடம், நடுவில் புதிதாகப் பால் வாசனை அடித்த ஒரு சின்ன இடம், அங்கே ரொம்ப நேரம். பிறகு திருப்தியாகத் திரும்பி, திறந்திருந்த கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். இரண்டு காதும் விறைப்பாக நின்றன. சிவசண்முகத்துக்கு அழுகை வந்தது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"வேற யாராச்சும் வரணுங்ளா சார்?"

"இல்லீங்க, அவ்வளவுதான்."

போண்டா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினால்தான் வண்டியை எடுக்க முடியும் என்று டிரைவர் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.